பூஜ்யத்தில் ஒரு புள்ளி

ஸோரா அத்தை ஸ்டூல் மேல் ஏறிச் சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றினாள். ஏணியிலிருந்து விழுந்து ஒருவர் செத்துப்போன வீட்டில், மறுநாள் காலையிலேயே எழுபதைத் தாண்டிய ஒருத்தி ஸ்டூலில் ஏறுவதை யாராவது தடுத்திருக்க வேண்டும். தடுத்தாலும் கேட்கிற ஆள் இல்லை அவள். கடிகாரத்தின் முதுகிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

"தம்பி மண்ணுக்குள்ள போற வரைக்கும் இந்த வீட்ல ஒண்ணும் ஓடக் கூடாது," என்றாள். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் செஞ்சோம். விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, ஒருத்தருக்கும் தோணலையா?"

ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்பது உண்மைதான். நேஷாவின் அம்மா பாவ்லா நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்த நாற்காலியிலேயே இன்னும் இருந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேஷா தொட்டியருகே நின்று காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் காப்பியும் ஒரு வாய் பிராந்தியும் கொடுத்தாக வேண்டும். கழுவ ஏதாவது இருந்துகொண்டே இருந்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே புர்யா அடித்துக்கொண்டிருந்தது. மலையிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் அந்த வடகிழக்குக் காற்று ஒருமுறை ஆரம்பித்தால் ஒற்றைப்படை நாளில்தான் நிற்கும் என்பது இந்த ஊர்க்காரர்களின் கணக்கு. இது இரண்டாம் நாள். கூரை ஓடுகள் பறக்காமலிருக்க மேலே அடுக்கிய கற்கள் அவ்வப்போது முனகின.

அத்தை வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். நடையில் இருந்த கண்ணாடி மேல் மேசைவிரிப்பைப் போர்த்தினாள். படுக்கையறை அலாரத்தை நிறுத்தினாள். மைக்ரோவேவில் பச்சை எழுத்தில் மணி தெரிவதைப் பார்த்து அதன் வயரையும் பிடுங்கினாள். பிறகு படிக்கட்டுக்கு அடியில் இருந்த பண்டக அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நேஷா ஈரக் கையோடு ஓடினாள். "அத்தை, அதை விட்டுருங்க."

"இதுக்குள்ள நேரம் ஓடலையா?"

"ஓடுது. ஆனா அது கடிகாரம் இல்ல."

"நேரம் ஓடினா கடிகாரம்தான்," என்று சொல்லிவிட்டு அத்தை குனிந்து பிளக்கை இழுத்தாள். ஊறவைத்த டர்னிப் ஜாடிகளுக்கும் எண்ணெய் டப்பாக்களுக்கும் நடுவே சிமிட்டிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்துபோனது.

அதற்கு அப்பா வைத்த பெயர் குடித்தனக்காரன். கரண்டைத் தின்கிறான், வாடகை தருவதில்லை, ராத்திரியெல்லாம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறான் என்பார். சுருட்டுப் பெட்டி அளவே இருந்த சின்னக் கம்ப்யூட்டர் அது. நெடுஞ்சாலைப் பராமரிப்பு வேலையில், காற்று ஏறும்போதெல்லாம் லாரிகளை நிறுத்தும் பலகையைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்தே வயதாகிப்போன அப்பா ராதிவோய், ஓய்வு பெற்றதும் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இவ்வளவு நாள் அந்தக் காற்றுக்குப் பயந்து வேலை செய்தேன், இனி அதை உட்கார்ந்து அளக்க வேண்டும் என்றார். நேஷாவுக்குத் தலைநகரத்தில் மென்பொருள் வேலை. கூரை உச்சியில் கம்பம் நட்டு, காற்றில் சுழலும் மூன்று கிண்ணங்களை அதன் தலையில் வைத்தார்கள். தோட்டத்தில் வெப்பமானி, மழைமானி. எல்லாம் சொல்லும் கணக்கைக் குடித்தனக்காரன் வாங்கி, கோடாக வரைந்து, ஊரே பார்க்கிற மாதிரி இணையப் பக்கத்தில் போடுவான். தீயணைப்புப் படையிலிருந்து பள்ளி பஸ் டிரைவர் வரை காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். விமான மைதானத்தில் அரசாங்கக் கருவி இருந்தது. ஆனால் அங்கே அடிக்கிற காற்று வேறு, இங்கே அடிக்கிற காற்று வேறு.

குடித்தனக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அப்பா போன் செய்வார். நேஷா தலைநகரத்தில் இருந்தபடியே உள்ளே நுழைந்து சரிசெய்வாள். அப்பா அவனைத் தொடமாட்டார். தூசி மட்டும் தட்டுவார், அதற்கென்றே வைத்திருந்த பெயின்ட் பிரஷால்.

போன ஜூலையில் ஒரு கூத்து நடந்தது. இலை அசையாத ஒரு மத்தியானம், எங்கோ வயர் ஒரு கணம் விட்டுப் பிடித்ததில், இணையப் பக்கத்தில் காற்றின் வேகம் மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வந்துவிட்டது. அன்று மாலை மதுக்கடையில் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கையால் அமுக்கிக்கொண்டே அப்பாவைக் கடந்து போனார்கள். "ராதிவோய், உங்க வீட்ல கூரை இருக்கா, இல்ல இத்தாலியில போய் விழுந்துடுச்சா?" என்று கேட்டார்கள். அப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மதுக்கடைப் பக்கமே போகவில்லை.

"நேஷா," என்றார் போனில். "பொய்யை உள்ள விடாத மாதிரி ஒரு கதவு போட முடியுமா?"

முடியும். இந்த எண்ணுக்கு மேல் காற்று வந்தால் பொய் என்று தள்ளிவிடு என்று ஒரு வரி எழுதினால் போதும். அவள் எழுதினாள். ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

நேற்று மத்தியானம் அவர் கூப்பிட்டபோது அவள் அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

"வருஷத்தோட முதல் புர்யா வந்துருச்சு, நம்ம குடித்தனக்காரன் வாயை மூடிக்கிட்டான். நேத்து காத்து மெதுவா இருந்தப்ப சொன்னான். இன்னைக்கு ஏறினதும் எண்ணுக்குப் பதிலா வெறும் கோடு போட்டுடறான்."

அவள் போனைத் தோளில் இடுக்கியபடி பக்கத்தைத் திறந்து பார்த்தாள். குளிர் வருகிறது, அழுத்தம் வருகிறது, மழை வருகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சிறு கோடு. "மத்ததெல்லாம் வருதேப்பா. அப்ப மென்பொருள்ல ஒண்ணும் இல்ல. கிண்ணத்துலதான் கோளாறு. எதாச்சும் சிக்கியிருக்கும், பாருங்க."

காற்று நின்ற பிறகு பாருங்கள் என்று சொன்னாளா? சொல்லியிருப்பாள் என்று அவள் நினைத்தாள். நேற்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன் குரலை மறுபடி மறுபடி காதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சில தடவை அந்த வார்த்தைகள் இருந்தன, சில தடவை இல்லை. கிண்ணத்தில் உண்மையாகவே ஏதாவது சிக்கியிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். ஒரு இலை, ஒரு பிளாஸ்டிக் பை, ஏதோ ஒன்று. அப்படியென்றால் அவள் சொன்னது சரி. அப்பாவின் சாவு காற்றின் தப்பாகவாவது இருக்கும்.

பத்து மணி வாக்கில் எகோன் வந்தார். அடுத்த வீட்டுக்காரர், ஊர் தீயணைப்புப் படையின் தலைவர். முற்றத்தில் விழுந்து கிடந்த அப்பாவை முதலில் பார்த்ததும் அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அத்தை ஊற்றிக் கொடுத்த பிராந்தியை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஏணியை எங்க வீட்டுக் கொட்டகையில வச்சிருக்கேன்க்கா," என்றார். "உங்க கண்ணுல பட வேண்டாம்னு."

அம்மா தலையாட்டினாள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ரெண்டடி தள்ளி இருக்கேன். ஒரு சத்தம் கொடுத்திருந்தா ஏணியப் பிடிச்சிருப்பேன்."

"ஏன் ஏறினார்?" என்று அம்மா கேட்டாள். அன்று காலையில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். "இத்தன வருஷமா காத்துல வேலை பாத்த மனுஷன். ஒரு நாள் பொறுக்க முடியாம எதுக்கு ஏறினார்?"

நேஷா கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அடுத்த கோப்பையை எடுத்தாள்.

எகோன் தொண்டையைச் செருமினார். "பாதிரியார் கேக்கச் சொன்னார். நாளைக்கு அடக்கம் வச்சிருக்கு. கல்லறை மேட்டுல ஏறணும். காத்து இறங்குதா ஏறுதான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொல்றார். நேத்தெல்லாம் உங்க இணையப் பக்கத்துல காத்துக்கு மட்டும் கோடு போட்டிருந்துச்சு. இப்ப பக்கமே செத்துக் கிடக்கு." சொன்ன பிறகுதான் சொன்ன வார்த்தை அவருக்கு உறைத்தது. தொப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அடக்கம் முடியுற வரைக்கும் அது ஓடாது," என்றாள் அத்தை.

"போடுடி," என்றாள் அம்மா நேஷாவிடம்.

"பாவ்லா, முறைன்னு ஒண்ணு இருக்கு."

"அவர் அளந்த காத்தை அவர் அடக்கத்துக்குக் கேக்காம வேற யாருக்குக் கேக்கறது? போடு, நேஷா."

அத்தை சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

நேஷா முதலில் பண்டக அறைக்குப் போகவில்லை. முற்றத்துக்குப் போனாள். எகோனும் பின்னாலேயே வந்தார். காற்று கதவைப் பிடுங்கிச் சுவரில் அறைந்தது. அவள் சுவரோரம் ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தாள். கூரை உச்சியில் கம்பம் லேசாக நடுங்கியது. அதன் தலையில் மூன்று கிண்ணங்களும் தனித்தனியாகத் தெரியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன.

"நல்லாத்தான சுத்துது," என்று அவள் கத்தினாள். காற்றில் கத்தினால்தான் கேட்கும்.

"நான் வந்து பாத்தப்பவே சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. எதாச்சும் சிக்கியிருந்திருக்கும், அண்ணன் எடுத்துட்டார் போலம்மா."

அந்த வார்த்தையை நேஷா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எடுத்துவிட்டார். ஏதோ சிக்கியிருந்தது, எடுத்துவிட்டார், இறங்கும்போதுதான் விழுந்தார். அவளுக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது கொஞ்சம் நிம்மதியோடு வந்தது.

பண்டக அறையில் எண்ணெய் டப்பா மேல் உட்கார்ந்து, மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு, பிளக்கைச் செருகினாள். குடித்தனக்காரன் முழித்துக்கொள்ள எப்போதும் போல நேரம் எடுத்துக்கொண்டான். பச்சை விளக்கு சிமிட்டியது. பக்கம் வந்தது. குளிர், நான்கு டிகிரி. அழுத்தம். மழை இல்லை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு.

அவள் சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, படிக்கட்டையும் மாடியையும் கூரையையும் தாண்டி, கிண்ணங்கள் சுழல்வதை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நேற்று அப்பா கூப்பிட்டபோதும் தெரியும். பெட்டி தனக்குள் எழுதி வைக்கிற குறிப்பைத் திறந்து படித்தால் போதும். நேற்று அதற்கு நேரமில்லை. இப்போது திறந்தாள்.

கருவி சில வினாடிக்கு ஒருமுறை ஒரு எண் சொல்லியிருந்தது. எண்பத்தொன்று. எழுபத்தாறு. தொண்ணூற்றெட்டு. ஒவ்வொன்றின் கீழும் பெட்டி ஒரே பதிலை எழுதியிருந்தது: வரம்பு அறுபது, தள்ளப்பட்டது. நேற்றுக் காலையிலிருந்து, பக்கம் பக்கமாக, சலிக்காமல். பெட்டிக்குக் கொடுத்த வேலையை அது ஒழுங்காகச் செய்திருந்தது.

அறுபது. எழுதியவள் அவள்தான். எழுதும்போது அவள் மனதில் இருந்தது வினாடிக்கு மீட்டர். படிப்பிலும் வேலையிலும் அவளுக்கு அதுவே பழக்கம். வினாடிக்கு அறுபது மீட்டர் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் எவரும் பார்க்காத காற்று, தாராளமான வரம்பு. ஆனால் இந்தப் பெட்டி கணக்கு வைத்தது மணிக்குக் கிலோமீட்டரில். அப்பாவுக்கு அதுதான் புரியும் என்று ஆரம்பத்தில் அப்படி அமைத்தவளும் அவள்தான். மணிக்கு அறுபது கிலோமீட்டர் காற்றில் இந்த ஊர்ப் பெண்கள் துணி காயப்போடுவார்கள். கோடையில் அந்த வரம்பை எந்தக் காற்றும் தொடவில்லை. முதல் புர்யா வந்ததும், பொய்யை நிறுத்தப் போட்ட கதவு உண்மையை வெளியே நிறுத்திவிட்டது.

கிண்ணத்தில் ஒன்றுமே சிக்கவில்லை. ஒரு இலைகூட இல்லை.

காற்றின் வரைபடத்தைத் திறந்தாள். நேற்றைய பகல் முழுக்க வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே, மத்தியானத்துக்குப் பிறகு, அடியில் பூஜ்யத்தில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. தொண்ணூறுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்த காற்று நடுவில் பூஜ்யமாக எப்படி ஆகும்? குறிப்பில் அந்த நேரத்தைத் தேடிப் போனாள். தொண்ணூற்றிரண்டு, தள்ளப்பட்டது. எண்பத்தெட்டு, தள்ளப்பட்டது. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். அடுத்தடுத்து வந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் புள்ளி. அப்புறம் தொண்ணூற்றைந்து, தள்ளப்பட்டது.

அப்பா கிண்ணத்தைக் கையில் பிடித்திருக்கிறார். பிடித்து நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, விட்டிருக்கிறார். விட்டதும் அது சுழன்றிருக்கிறது. கிண்ணத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். மகள் சொன்னது தப்பு என்றும் தெரிந்திருக்கும். நேற்று முழுவதும் பெட்டி உண்மை என்று உள்ளே விட்டது அவர் கையை மட்டும்தான்.

அவள் டர்னிப் ஜாடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. செத்துவிடலாம் என்று இருந்தது, அதற்கும் எழுந்திருக்க வேண்டும். அழுகை எங்கோ போய்விட்டது.

"வந்துச்சாடி?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

அவள் அந்த வரியில் அறுபதை அழித்து இருநூற்றைம்பது என்று எழுதினாள். மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, கோடு இருந்த இடத்தில் எண்பத்து மூன்று வந்தது.

அவள் சமையலறைக்குப் போனபோது எகோன் மேசையில் கிடந்த அப்பாவின் டேப்லெட்டைக் கையில் எடுத்திருந்தார். பிராந்தி குடிக்கும்போதுகூட மலராத முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தது.

"வந்துருச்சு. எண்பத்து மூணு. பாத்தீங்களாக்கா? நான் சொல்லல? அண்ணன் சரி பண்ணிட்டார். பெட்டிக்குத்தான் ஒரு தடவ அணைச்சுப் போட வேண்டியிருந்திருக்கு. எங்க படை ரேடியோவும் இப்படித்தான், அணைச்சுப் போட்டாத்தான் வழிக்கு வரும்."

"நான் பிடுங்கினது நல்லதாப் போச்சுன்னு சொல்லு," என்றாள் அத்தை, ஜன்னலைவிட்டுத் திரும்பாமல்.

அம்மா டேப்லெட்டை வாங்கி மேசை மேல் வைத்துப் பார்த்தாள். "சரி பண்ணிட்டுத்தான் விழுந்தாரா?"

"ஆமாக்கா. வேலைய முடிச்சுட்டு இறங்கும்போதுதான்."

"அப்ப வீணுக்கு ஏறல." அம்மா நேஷாவைப் பார்த்தாள். நேற்றிலிருந்து யாரையும் பார்க்காத கண்கள். "இல்லடி?"

இப்போது சொல்ல வேண்டும் என்று நேஷாவுக்குத் தெரிந்தது. எகோன் இருக்கிறார், அத்தை இருக்கிறாள், நல்லதுதான், ஒரே தடவையில் முடிந்துவிடும். வாயைத் திறந்தாள்.

"வீணுக்கு ஏறலம்மா," என்றாள்.

அம்மா மேல்கோட்டின் பொத்தானை மெல்லக் கழற்ற ஆரம்பித்தாள். அத்தை வந்து பின்னாலிருந்து கோட்டை உருவி வாங்கிக்கொண்டாள். யோட்டா சூப் அடுப்பில் இருக்கிறது, இரண்டு கரண்டியாவது குடி என்று சொன்னாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

எகோன் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "நேத்து பூரா வெள்ளையா இருக்கேம்மா. பள்ளத்தாக்குல கருவி வச்சிருக்கறவங்க எல்லாம் கேக்கறாங்க, உங்க பக்கம் நேத்து எவ்வளவு அடிச்சுதுன்னு. இந்த வருஷத்துக்கே இதான் பெரிசா இருக்கும்னு பேச்சு. அண்ணன் இருந்தா துடிச்சுப் போயிருப்பார். இந்த ஓட்டையை அடைக்க வழி உண்டா?"

வழி உண்டு. தள்ளப்பட்ட எண்களெல்லாம் உள்ளே அப்படியே கிடந்தன. எடுத்துத் திருப்பி ஊற்றினால் நேற்றைய காற்று முழுவதும் மலை மாதிரி எழுந்து நிற்கும். அப்பா ஏணியில் கால் வைப்பதற்கு முன்னாலிருந்தே கிண்ணம் சுழன்றுகொண்டிருந்தது என்று கண் உள்ள யாருக்கும் தெரியும்.

"இல்ல," என்றாள். "போனது போனதுதான்."

எகோன் பெருமூச்சுவிட்டு எழுந்தார். பாதிரியாரிடம் காற்று கொஞ்சம் இறங்குகிறது என்று சொல்வதாகச் சொன்னார். தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனார்.

அம்மா டேப்லெட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இங்க கீழ ஒரு புள்ளி இருக்கே. அழுக்கா?"

"இல்லம்மா."

"பின்ன என்ன?"

"அப்பா கிண்ணத்தைக் கையில பிடிச்சிருந்த நேரம். அப்ப அது சுத்தல. அதான் அங்க புள்ளி."

அம்மா டேப்லெட்டை மேசை மேல் மெல்லச் சாய்த்து வைத்தாள். அத்தைகூட வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

"இதை அழிச்சுடாத," என்றாள் அம்மா.

"அழிக்கல."

நேஷா தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவி அடுக்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் சூப் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடாவிட்டால் டேப்லெட்டின் திரை தானாக மங்கிவிடும். மங்கும்போதெல்லாம் அம்மா ஒரு விரலை நீட்டி அந்தப் புள்ளியைத் தொட்டாள், வெளிச்சம் வந்தது.